சதுரம் அக்காவின் இடது பூட்ஸ்

எறிவதற்கு முன் அக்கா கண்களை இறுக மூடிக்கொள்வார். மணல்மேட்டுக்கு முதுகைக் காட்டி நின்று, கையிலிருக்கும் சதுரத்தைத் தலைக்கு மேலாகப் பின்பக்கம் வீசுவார். பக்கத்தில் நிற்பவர்கள் குனிந்துகொள்ள வேண்டும். நான் ஒருமுறை குனிய மறந்து இரண்டு நாள் நெற்றி வீக்கத்தோடு திரிந்தேன்.

பிளாஸ்டிக் குழாயை நான்கு துண்டாக அறுத்து ஒட்டிய சதுரம் அது. பக்கத்துக்கு அரை மீட்டர். விழுந்த இடத்தில் மண்டியிட்டு, அதற்குள் இருக்கும் செடி கொடிகளை ஒவ்வொன்றாக எண்ணுவார். கண்ணைத் திறந்துகொண்டே எறிந்தால் என்ன என்று கேட்டேன். "கண்ணு இருக்கே, அது திருட்டுக் கண்ணு தம்பி. பச்சைப்பசேல்னு இருக்கிற இடமாப் பாத்துத்தான் போய் நிக்கும். அதை நம்பி எழுதினா எழுதினது பொய்யாப் போயிடும்." எனக்கு நாற்பத்தாறு வயது. என்னை இன்னும் தம்பி என்று கூப்பிட உலகத்தில் அவர் ஒருவர்தான் மிச்சம்.

அலுவலகத்தில் அவருக்குச் சதுரம் அக்கா என்றே பெயர். கடலோரத்தில் புதிதாகக் கூடாரத் தளமோ நடைபாதையோ வரப்போகிறது என்றால், இப்போது அங்கே என்ன இருக்கிறது, நாளை என்ன இல்லாமல் போகும் என்று ஆராய்ந்து அறிக்கை எழுதுவது அவர் வேலை. அதை வரைபடமாக்குவது என் வேலை. அவர் வெயிலில், நான் மின்விசிறிக்குக் கீழே. இதைச் சொல்லிக்காட்டாத நாளில்லை.

பேனாவைத் தொடமாட்டார். கடற்காற்றின் ஈரத்தில் மை பரவிவிடும் என்று பென்சில்தான். அதுவும் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கும். கல்யாண வீட்டுக்கு வந்தபோதும் தொங்கியது. நடக்கும்போது தரையைப் பார்த்தே நடப்பார். எங்கள் அலுவலக வாசலில் புல்வெளியின் மூலையை எல்லோரும் குறுக்கே கடந்து கடந்து மண் தெரிகிறது. அந்த இடம் வந்தால் அவர் மட்டும் சுற்றிக்கொண்டுதான் வருவார். "பத்துப் பேரு ஒரே இடத்துல கால் வச்சாப் போதும். பதினோராவது ஆளு அதைப் பாதைன்னு நினைச்சுக்குவான். அப்புறம் ஆண்டவனே வந்தாலும் அழிக்க முடியாது."

கணவர் குழாய் வேலை செய்கிறவர். சதுரத்தைச் செய்து கொடுத்தவரும் அவர்தான். மனைவியின் ரப்பர் பூட்ஸை மாலைதோறும் கழுவிக் கவிழ்த்து வைப்பதும் அவர்தான். இடது குதிகால் தேய்ந்து ஓட்டை விழுந்ததும், சைக்கிள் டியூபைச் சதுரமாக வெட்டி ஒட்டியிருக்கிறார். "புதுசு வாங்கித் தரேன்னா காதுலயே போட்டுக்க மாட்டேங்கிறா. என்னமோ சீதனமா வந்த மாதிரி இதையே கட்டிக்கிட்டு அழறா" என்று என்னிடம் முறையிட்டார். அக்கா உள்ளேயிருந்து, "பழகின பூட்ஸையும் புருஷனையும் மாத்தக் கூடாதுங்க" என்றார். அந்த மனிதருக்கு வாயெல்லாம் பல்.

இந்தத் தடவை வந்தது பெரிய திட்டம். நாற்பது கூடாரங்கள், மூன்று கிலோமீட்டர் நடைபாதை. கடற்கரையில் முதல் மணல்மேடு மொட்டை. அதற்குப் பின்னாலிருக்கும் இரண்டாவது மேட்டில்தான் அடம்பங்கொடி பாய் விரித்த மாதிரி படர்ந்து மணலைப் பிடித்துவைத்திருக்கிறது. கொடிகளுக்கு நடுவே வெறும் குழியில் முட்டையிடுகிற உப்புக்கொத்திக் குருவிகளும் அங்கேதான். அக்கா அந்த மேட்டில் வரிசையாகக் குச்சிகளை நட்டு, வாரம் இருமுறை, ஏழு மாதம், அந்தக் குச்சிகளை ஒட்டியே நடந்து கணக்கெடுத்தார். ஒரே கோட்டில் நடந்தால்தான் ஒரு மாதத்தை இன்னொரு மாதத்தோடு ஒப்பிட முடியும் என்பது இந்தத் தொழிலின் விதி. முடிந்ததும் குச்சிகளைப் பிடுங்கிக்கொண்டு வந்து, இரண்டு மாதம் மேசையில் உட்கார்ந்து அறிக்கை எழுதினார். இரண்டாவது மேட்டில் கால்படவே கூடாது, பாதை உள்பக்கமாகச் சுற்றிப் போகட்டும் என்பதுதான் சாரம்.

திட்டத்துக்கு ஒப்புதல் தரும் குழுவின் கூட்டம் வெள்ளிக்கிழமை. செவ்வாயன்று திட்ட வடிவமைப்பாளரின் கோப்பு வந்தது. நடைபாதை இரண்டாவது மேட்டின் மேலேயே போனது. காரணமும் எழுதியிருந்தார்: அங்கே ஏற்கெனவே ஒரு பாதை இருக்கிறது, ஆகவே புதிதாக எதுவும் அழியப்போவதில்லை. ஆதாரம் என் வரைபடம். ட்ரோன் படத்தில் வெளிறிய கோடு ஒன்று தெரிந்ததால், போன மாதம் நான்தான் புள்ளிக்கோடு போட்டு 'ஒற்றையடிப் பாதை' என்று எழுதியிருந்தேன்.

"அங்க ஏது பாதை? கண்ணை அடகு வச்சுட்டு வரைஞ்சியா?" என்று அக்கா கத்தினார். ஒருமைக்கு வந்துவிட்டால் கோபம் உச்சத்தில் என்று அர்த்தம். கையோடு என்னைக் கடற்கரைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

பாதை இருந்தது. ஓரடி அகலத்துக்குக் கொடிகள் நசுங்கி, நைந்து, மணல் பல்லிளித்தது. விடுமுறைக்கு வந்தவர்களின் செருப்புத் தடங்கள், ஒரு குளிர்பான டப்பா, குழந்தையின் ஒற்றைச் செருப்பு. அக்கா மெல்ல நடந்து போய் ஓரிடத்தில் குந்தினார். "இங்க மூணு கூடு எண்ணினேன். இப்ப ஒண்ணுதான் இருக்கு." திரும்பும் வழியெல்லாம் தரையைப் பார்த்தபடியே வந்தார். எவன் முதலில் கால் வைத்தான் என்று அவர் மனதுக்குள் வைதுகொண்டிருப்பதாக நினைத்தேன்.

அலுவலகத்துக்கு வந்ததும் வடிவமைப்பாளரின் கோப்பிலிருந்த புகைப்படங்களை என் கணினியில் திறக்கச் சொன்னார். கணக்கெடுப்பு முடிந்த வாரம் எடுத்தவை. ஒன்றில் ஈர மணலில் பாதை தொடங்குமிடமும் வரிசையாகக் காலடிகளும். "பெருசாக்குங்க தம்பி. இன்னும் கொஞ்சம்." இடது காலடி ஒவ்வொன்றிலும், குதிகாலில், ஒரு சின்னச் சதுரம் பதிந்திருந்தது.

அக்கா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு இடது காலை மடக்கித் தன் பூட்ஸின் அடியைப் பார்த்தார். பிறகு திரையை. பிறகு மறுபடி அடியை.

"நான்தான் தம்பி. பத்துப் பேரு வேணாம், நான் ஒருத்தியே போதுமா இருந்திருக்கேன்."

எனக்கு அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. அவர் காலால் போட்ட கோட்டை நான் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து ஊர்ஜிதம் செய்திருக்கிறேன். அந்த வெட்கத்தில் ஒரு மட்டமான யோசனையும் சொன்னேன்: "அக்கா, பாதை பழசு இல்லைன்னு மட்டும் எழுதிடலாம். யாரு போட்டதுன்னு நாம ஏன் வாயைக் குடுக்கணும்?"

"பழசு இல்லைன்னா யாரு போட்டதுன்னுதான் அடுத்த கேள்வி வரும். பதில் கையில இருக்கு. காலுலயும் இருக்கு."

மேலதிகாரி நல்ல மனிதர், பயந்த மனிதரும்கூட. அவர் அறைக்கு இருவரும் போனோம். "நீங்களே பாதை போட்டேன்னு சொன்னா, உங்க ஏழு மாசக் கணக்கையும் சேத்துக் குப்பையில போடுவாங்கம்மா. உங்க ஒப்பந்தம் வேற அடுத்த மாசம் முடியுது. யோசிங்க" என்றார். அவர் சொன்னதில் பொய்யில்லை. பதினெட்டு வருஷமாக ஒப்பந்தத்திலேயே ஓடுகிற பிழைப்பு அது.

"என்னைப் பத்தி அவங்க என்ன வேணா எழுதட்டும் சார். இதை நான் எழுதிடறேன்" என்று சொல்லிவிட்டு அக்கா எழுந்தார். அன்று மாலையே அறிக்கையில் ஒரு பக்கம் சேர்த்தார். என் வரைபடத்தில் புள்ளிக்கோட்டுக்குப் பக்கத்தில் பென்சிலால் எழுதினார்: 'கணக்கெடுப்பின்போது உண்டான தடம். தடுத்தால் கொடி மூடிக்கொள்ளும்.' வீட்டில் வழக்கம்போல பூட்ஸைக் கழுவ எடுத்த கணவருக்கு நல்ல திட்டு விழுந்ததாம். "மண்ணோட இருக்கட்டும்னு கத்தறா. எனக்கு ஒண்ணும் புரியலை" என்று போனில் என்னைக் கேட்டார். எனக்கும் அப்போது புரியவில்லை.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் நீள மேசை, நடுவில் என் வரைபடம், சுற்றிலும் ஏழெட்டுப் பேர். அக்கா சேர்த்த பக்கத்தை யாரும் புரட்டியதாகத் தெரியவில்லை. வடிவமைப்பாளர் அதே புகைப்படத்தைச் சுவரில் பெரிதாகக் காட்டினார். நன்றாகப் பேசக்கூடியவர். "பாருங்க, இந்தப் பாதையை நாங்க திணிக்கலை. மக்களே நடந்து நடந்து தேர்ந்தெடுத்திருக்காங்க" என்றார். தலைகள் ஆடின. குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "மக்களே போட்ட பாதைன்னா அதுலயே போகலாமே. அம்மா, நீங்க என்ன சொல்றீங்க?" என்றார்.

மேலதிகாரி அக்காவைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார், வேண்டாம் என்று.

"நீங்க சொல்ற மக்கள் நான்தாங்க" என்றார் அக்கா. அறையில் ஒருவர் சிரித்தார், வேடிக்கை என்று நினைத்து. அக்கா குனிந்தார். மேசைக்கு அடியில் என்னவோ இழுபறி நடந்தது. பிறகு ஒற்றைக் காலுறையோடு எழுந்து நின்று, கழுவாத இடது பூட்ஸைத் தலைகீழாக, குதிகாலின் சதுரம் தலைவருக்கு நேராகத் தெரியும்படி, என் புள்ளிக்கோட்டின் மேல் வைத்தார்.