காலரில் ரெண்டு சொட்டு

சங்கரன்கோவில் கீழ ரத வீதியில் அப்போதெல்லாம் எந்தக் கடை வாசலில் நின்றாலும் ஜஸ்டஸ் கடை ரேடியோ கேட்கும். பழுது பார்த்த ரேடியோவைச் சாயங்காலம் வரைக்கும் பாடவிட்டுப் பார்த்துத்தான் உரியவர் கையில் கொடுப்பார். சிவகிரிக்காரர்கள் பஸ்ஸில் ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு வருவார்கள். கடையநல்லூர்க்காரர்கள் துபாயிலிருந்து வந்த டேப் ரிக்கார்டரைப் போர்வையில் சுற்றிப் பச்சைப்பிள்ளை மாதிரி கொண்டுவருவார்கள். ஜஸ்டஸ் ஏதாவதொரு கீர்த்தனையைச் சீட்டியடித்தபடியே ஈயப்பற்று வைப்பார். மத்தியானச் சோற்றைத் தூக்குச்சட்டியில் எடுத்துப் போகும் தேவமணிக்குத் தெருமுனையிலேயே அந்தச் சீட்டி கேட்டுவிடும். அவர் போய்ச் சேர்ந்து இத்தனை வருசமான பிறகும், புருசன் என்றதும் அவளுக்கு முதலில் நினைப்பில் வருவது அந்தச் சத்தம்தான்.

அது நின்றது எண்பத்தொன்றில். அரசாங்கம் சாராயக்கடையைத் திறந்துவிட்ட வருசம். வீட்டில் யாரும் சாகவில்லை, தொழிலும் படுக்கவில்லை. சும்மா நின்றுபோனது. வயிறு பிளந்த ரேடியோக்களைப் பார்த்தபடி ஜஸ்டஸ் பொழுதன்னைக்கும் உட்கார்ந்திருந்தார். சாப்பாடு இறங்கவில்லை. விடிந்தால் பாயைவிட்டு எழுந்திருக்க மனசில்லை. கேட்டால், "உள்ள கரண்டு வரமாட்டேங்கு தேவமணி" என்பார். அவள்தான் உறவுக்காரக் கல்யாணம் என்று சொல்லி அவரைப் பாளையங்கோட்டைக்குக் கூட்டிப்போய் மனசு டாக்டரிடம் காட்டினாள்.

மாத்திரை வேலை செய்தது. ஒரு மாதம் போல ஆனதும் கொஞ்சம் சாப்பிட்டார், ரெண்டு ரேடியோ முடித்தார். ஆனால் நாக்கு வறண்டு பேச்சுக் குழறியது. உட்கார்ந்து எழுந்தால் தள்ளாடினார். எதிர்த்த டீக்கடைத் துரைப்பாண்டி அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"என்ன அண்ணாச்சி, நீங்களும் ஆரம்பிச்சுட்டியளா?"

ஜஸ்டஸ் மறுக்கவில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு சொன்னார்: "நல்லதாப் போச்சு. குடிகாரன் மகளுக்கு எப்படியும் மாப்பிள்ள வந்துருவான். கிறுக்கன் மகள எவன் கேட்டு வருவான்? ரத்தத்துல இருக்கும்னுல்லா சொல்லுவான்?"

அவர்களுக்கு இருந்தது ஒரே மகள், ஞானபாய். டீச்சர் ட்ரெயினிங் முடித்திருந்தாள். அவளுக்காகத்தான் ஜஸ்டஸ் அந்தக் கூத்தைத் தொடங்கினார். ஒரு குப்பிச் சாராயம் வாங்கி வந்து ரேடியோப் பெட்டிகளுக்குப் பின்னால் ஒளித்துவைத்தார். காலையில் கடை திறந்ததும் சட்டைக் காலரில் ரெண்டு சொட்டுத் தடவுவார். ஒரு மூடி வாயில் ஊற்றிக் கொப்பளித்துத் துப்புவார். சபையில் பிரசங்கம் பண்ணிய உபதேசியார் பெற்ற பிள்ளையான ஜஸ்டஸ் முகத்தைச் சுளித்துக்கொண்டு சாராயம் கொப்பளிக்கும் காட்சியைப் பார்த்துத் தேவமணி ஒருநாள் வாய்விட்டுச் சிரித்தே விட்டாள். ஊர் நம்பியது. சபையார் அவருக்காக ஜெபம் ஏறெடுத்தார்கள். வேறெந்தச் சீக்குக்கும் அத்தனை உருக்கமாக அவர்கள் ஜெபித்து அவள் பார்த்ததில்லை.

கொப்பளித்தது எப்போது தொண்டைக்குள் இறங்கத் தொடங்கியது என்பது அவருக்கே தெரியாது. இறங்கினால் கொஞ்ச நேரம் மனசின் கனம் குறைந்தது. மறுநாள் ரெட்டிப்பாக வந்து உட்கார்ந்தது. அதற்கும் சேர்த்துக் குடித்தார். இந்த மாத்திரையோடு சாராயம் கூடவே கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். தேவமணி சண்டை போட்டாள், அழுதாள், குப்பியை உடைத்தாள். "ஞானபாய் கல்யாணம் முடியட்டும், விட்டுருதேன்" என்று பைபிள்மேல் கைவைத்தார். வேசம் போடப் போனவரை வேசமே விழுங்கிக்கொண்டிருந்தது.

இளையரசனேந்தலிலிருந்து பவுல்பாண்டியன் என்ற வாத்தியார் தன் மகனுக்கு ஞானபாயைக் கேட்டார். ஜஸ்டஸ் குடிப்பது அவருக்குத் தெரியும். "கர்த்தர் மனந்திருப்புவார்" என்று பெருந்தன்மையாகச் சொன்னார். நாள் குறிக்க இவர்கள் வீட்டுக்கு அவர் வந்து உட்கார்ந்திருந்த காலையில்தான் துரைப்பாண்டி தலைதெறிக்க ஓடிவந்தான்.

"மைனி! அண்ணாச்சி மருந்து குடிச்சிட்டாரு! கடைக்குள்ள நுரை தள்ளி விழுந்து கெடக்காரு!"

பருத்திக்கு அடிக்கிற பூச்சிமருந்தைக் குடித்துச் செத்தவர்கள் அந்த வட்டாரத்தில் கொஞ்சநஞ்சமில்லை. மருந்து குடித்தான் என்றால் அதற்கு வேறு அர்த்தமே கிடையாது. தெருவே ஆஸ்பத்திரிக்கு ஓடியது. பவுல்பாண்டியனும் கூடவே வந்தார்.

டாக்டர் கத்தினார். "என்ன மருந்தும்மா? பேரு தெரியுமா?"

தேவமணிக்கு விசயம் விளங்கிவிட்டது. சம்பந்தி வருகிற படபடப்பில் காலையிலேயே குடித்திருக்கிறார். கை நடுக்கம் நிற்கட்டும் என்று மாத்திரையையும் கூடுதலாகப் போட்டிருக்கிறார். பக்கத்தில் பவுல்பாண்டியன் நிற்கிறார். அவருக்குப் பின்னால் பாதித் தெரு நிற்கிறது. ஞானபாய் அம்மாவின் முகத்தையே பார்த்தாள். வாயைத் திறந்தால் மகள் கல்யாணம் போகும், மூடினால் புருசன் போவார்.

"பூச்சிமருந்து இல்ல சார்" என்றாள் தேவமணி. "சாராயம். அதுக்கு மேல மனசுக்குச் சாப்பிடுத மாத்திர. பாளையங்கோட்டை டாக்டர் கொடுத்தது. ரொம்ப நாளாச் சாப்பிடுதாரு." மாத்திரையின் பேரையும் சொன்னாள்.

ஜஸ்டஸ் பிழைத்தார். பவுல்பாண்டியனிடமிருந்து ஆள் வந்தது. ஜெபித்துப் பார்த்தார்களாம், கர்த்தருக்குச் சித்தமில்லையாம். கர்த்தர்மேல் பாரத்தைப் போட்டுவிட்டால் யாரால் எதிர்க்கேள்வி கேட்க முடியும்?

கட்டிலில் கிடந்தபடி ஜஸ்டஸ் அழுதார். "உன் வாழ்க்கையக் கெடுத்துட்டனே மக்கா."

ஞானபாய்க்குக் கோபம்தான். அன்றுவரை அப்பாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவள் சொன்னாள்: "என் கல்யாணத்துக்காகத்தான குடிச்சீய? அதான் நின்னு போச்சே. இனிமே என் பேரச் சொல்லி நீங்க குடிக்க முடியாது."

அதற்குப் பிறகும் ரெண்டு தடவை தவறினார். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? மூன்றாவது தடவை தவறவில்லை. மாத்திரை டப்பா கடை மேசைமேல் பகிரங்கமாக உட்கார்ந்தது. துரைப்பாண்டி, ஊரையே ஓடவைத்ததற்குப் பரிகாரமாகவோ என்னவோ, தினமும் மத்தியானம் எதிர்க்கடையிலிருந்து தொண்டை கிழியக் கத்துவான்: "அண்ணாச்சி, மாத்திர போட்டாச்சா?" முதலில் ஜஸ்டஸுக்கு வெட்கத்தில் உயிரே போனது. பிறகு அது பழகிவிட்டது. அந்தத் தெருவே அப்படித்தான், மானத்தை வாங்கிவிட்டு டீயும் கொடுத்தனுப்பும்.

அடுத்த வரன் தூத்துக்குடியிலிருந்து வந்தது. பெண் பார்க்க வந்தவர்கள் நடுவீட்டில் காபியோடு உட்கார்ந்திருந்தார்கள். கடை பூட்டியிருப்பதைப் பார்த்த துரைப்பாண்டி வீட்டு ஜன்னலுக்கே வந்துவிட்டான்.

"அண்ணாச்சி, மாத்திர போட்டாச்சா?"

அடுக்களையிலிருந்து தேவமணி எட்டிப் பார்த்தாள். அன்றைக்கு மட்டும் பெட்டியில் ஒளித்திருந்த டப்பாவை எடுத்துக்கொண்டு ஜஸ்டஸ் தண்ணீர் கேட்டார். ஞானபாய் கொண்டுபோய்க் கொடுத்தாள். எல்லார் முன்னாலும் விழுங்கினார்.

"எதுக்கு மாத்திரைங்க?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. "சுகருக்கா?"

சுகர் என்று சொல்லியிருக்கலாம். கேட்டவரே பதிலையும் எடுத்துக் கொடுத்துவிட்டார்.

"மனசுக்கு" என்றார் ஜஸ்டஸ். "முன்னால இதுக்கு வெக்கப்பட்டுக் குடிச்சேன். இப்பம் குடிக்கல. இனி நீங்க சொல்லுங்க."

ஞானபாய் இன்றைக்குத் தூத்துக்குடியில்தான் இருக்கிறாள். ஆனால் அவர்கள் என்ன பதில் சொன்னார்கள் என்பது தேவமணி காதில் அப்போது விழவே இல்லை. மனசுக்கு என்ற அந்த வார்த்தையை ஜஸ்டஸ் வெளியாள் முன்னால் தன் வாயால் சொன்னதை அன்றைக்குத்தான் அவள் முதன்முதலாகக் கேட்டாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுப்படியில் நின்று அழுதாள்.