தேறியவளுக்குத் தடை

புள்ளியியலில் நான் வாங்கிய மார்க் பதினெட்டு. அந்தத் தகுதியில்தான் கல்லூரி வாலிபால் அணிக்காக இறுதிப் போட்டியில் ஆடினேன். எண்பத்தொன்பது வாங்கிய ஏணி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கேட்பவர்கள் நான் மாற்றிச் சொல்கிறேன் என்று நினைக்கிறார்கள். சரியாகத்தான் சொல்கிறேன்.

ஏணி என்பது நாங்கள் வைத்த பெயர். வகுப்பறைக் கதவில் குனிந்துதான் நுழைவாள். அணியில் அவள் செட்டர். நாங்கள் அடிக்க வேண்டிய பந்தையெல்லாம் வலைக்கு மேலே எழுப்பிக் கொடுப்பவள். அப்பா இல்லை. அம்மா பள்ளிச் சீருடை தைப்பவர். முன்னறையில் ஒரு தையல் மெஷின், ஒரு வெட்டும் மேசை. மேசைக் கண்ணாடிக்குக் கீழே ஏணியின் மார்க் ஷீட்டுகள் வரிசையாக இருக்கும். அளவு கொடுக்க வருகிறவர்கள் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் நேரத்தில் அதைப் படித்தே ஆக வேண்டும். அம்மாவுக்குக் கண் மங்கத் தொடங்கியிருந்தது. ஊசியில் நூல் கோக்க மகளைக் கூப்பிடுவார். வருடா வருடம் கல்லூரிகளுக்கிடையிலான இறுதிப் போட்டிக்கு மின்வாரிய அணியின் தேர்வாளர் வருவார். அவர் கண்ணில் பட்டால் வேலை. ஏணி தினமும் காலையில் சுவரோடு மல்லுக்கட்டிப் பந்தடித்தது அதற்காகத்தான்.

இரண்டாம் வருடம் அரையிறுதியில் ஜெயித்தோம். இறுதிப் போட்டிக்கு ஒரு மாதம் இருந்தது. அந்த நேரம் பார்த்துத் தேர்வு முடிவு வந்தது, கூடவே தகுதிக் குழுவின் ஓலையும் வந்தது. குழுத் தலைவர் ஒரு வேதியியல் பேராசிரியர். வாழ்நாளில் பந்தைத் தொட்டதில்லை, அதனால் பாரபட்சம் இருக்காது என்று அவரைப் போட்டிருந்தார்கள். அணியின் சராசரி மார்க் ஐம்பதுக்குக் கீழே போனால் அணி முழுவதுக்கும் தடை என்பது விதி. பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் ஏதாவது ஒரு பாடத்தில் கோட்டை விட்டிருந்தோம். இரண்டு பேர் கல்யாணமாகிப் படிப்பை விட்டுப்போய் ஆறு மாதம் ஆகியிருந்தது; பெயர் மட்டும் பட்டியலில் இருந்தது, மார்க் பூஜ்யம். அந்த இரண்டு பூஜ்யமும் எங்கோ குடும்பம் நடத்திக்கொண்டே எங்களைக் கவிழ்த்துவிட்டன.

குழுவுக்கு இரக்கம் இல்லை என்று சொல்லக் கூடாது. தேறாதவர்கள் இருபது மணி நேரம் சிறப்பு வகுப்பில் உட்கார்ந்தால் அவர்களுக்குத் தடை நீங்கிவிடும். ஏணியும் பெயர் கொடுக்கப் போனாள். கூட நானும் போனேன்.

"எந்தப் பாடத்துலம்மா போச்சு?" என்றார் தலைவர்.

"எதுலயும் போகல சார்."

"அப்புறம் எதுக்குச் சிறப்பு வகுப்பு? அது தேறாதவங்களுக்கு. நீதான் தேறிட்டியே, சந்தோஷம்."

"அப்ப எனக்குத் தடை இல்லையா சார்?"

"தடை அணிக்கும்மா. நீ அணியிலதானே இருக்கே?"

"அது எப்படி சார் நீங்கும்?"

"சிறப்பு வகுப்புக்குப் போனா நீங்கும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதினெட்டு மார்க்காரி பேசினால் எடுபடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

சிறப்பு வகுப்பு நூலகத்துக்குப் பின்னால், உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைக்கிற அறையில். நடத்த வேண்டிய ஆசிரியர் வருகைப் பதிவேட்டை மேசையில் வைத்துவிட்டு, "மீட்டிங் இருக்கு, படிச்சிட்டிருங்க" என்று கிளம்பினார். போனவர் போனவர்தான். வாசலில் நின்ற ஏணி உள்ளே வந்து சாக்பீஸை எடுத்தாள். இருபது மணி நேரமும் அவள்தான் நடத்தினாள். ஒன்பது பேரும் கையெழுத்துப் போட்டோம், ஒன்பது பேருக்கும் தடை நீங்கியது. நடத்தியவளின் பெயரை எழுத அந்தப் பதிவேட்டில் இடம் இல்லை.

இறுதிப் போட்டிக்கு ஏணியின் அம்மா வந்திருந்தார். முதல் செட் முடிந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

"உனக்கு எத்தனை மார்க்கும்மா?"

"பதினெட்டும்மா."

"நூத்துக்கா?"

"ஆமாம்மா."

முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. நான் அடித்ததில் பாதி வலையில் விழுந்தது, மீதி கூரைக்குப் போனது. மூன்று செட்டும் தோற்றோம். தேர்வாளர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

மூன்றாம் வருடமும் அந்த இரண்டு பூஜ்யமும் பட்டியலிலேயே இருந்தன. பெயரை எடுக்க வேண்டுமென்றால் அவர்களே நேரில் வந்து எழுதிக் கொடுக்க வேண்டுமாம். எப்படியும் தடை வரப்போகிறது என்று தெரிந்துபோயிற்று. புள்ளியியல் தேர்வில் ஏணி பாதி நேரத்திலேயே எழுந்து வெளியே வந்தாள்.

"நாற்பது எடுத்தா பாஸ். முப்பத்தெட்டுக்கு எழுதலாம்னு பார்த்தேன்டி. யாராவது நல்ல மனசுக்காரர் ரெண்டு மார்க் சேர்த்துப் போட்டுட்டா என் கதி என்ன? முப்பத்திரண்டோட நிறுத்திட்டேன்."

முப்பத்தொன்று வந்தது. எனக்கு அந்தத் தந்திரமெல்லாம் தேவைப்படவில்லை, இயல்பாகவே இருபத்தேழு.

ஏணியின் மார்க் ஷீட்டைப் பார்த்து, "உடம்பு சரியில்லாமப் போச்சா?" என்றுதான் அம்மா முதலில் கேட்டார். விஷயத்தைச் சொன்னதும் மெஷினில் போய் உட்கார்ந்துகொண்டார். இரண்டு நாள் மகளிடம் பேசவில்லை. நூல் கோக்கக்கூடக் கூப்பிடவில்லை, தானே தடவித் தடவிக் கோத்தார். அந்தத் தாள் மட்டும் கண்ணாடிக்குக் கீழே போகவில்லை.

ஏணி முறைப்படி சிறப்பு வகுப்பில் சேர்ந்தாள். ஆசிரியருக்கு இந்த வருடமும் மீட்டிங். தனக்கும் சேர்த்து அவளே பாடம் நடத்தி, மாணவி என்று கையெழுத்தும் போட்டாள். இறுதிப் போட்டியில் அவள் எழுப்பிய பந்தைக் கண்ணை மூடிக்கொண்டு அடித்தாலே போதுமாக இருந்தது. ஜெயித்தோம். தேர்வாளர் அவள் பெயரை இரண்டு முறை கேட்டு எழுதிக்கொண்டார். விழுந்த பாடத்தை மறுதேர்வில் தொண்ணூற்றிரண்டு வாங்கி முடித்தாள். இன்று அவள் மின்வாரிய ஊழியர்.

அந்த வருட ஆண்டு விழாவில் தலைவரே அவளை மேடைக்கு அழைத்துக் கேடயம் கொடுத்தார். "படிப்பில் பின்தங்கியிருந்த இந்த மாணவியை நமது சிறப்பு வகுப்பு கைதூக்கிவிட்டது. விதி கடுமையாக இருந்தால்தான் பிள்ளைகள் திருந்துவார்கள் என்பதற்கு இவரே சாட்சி" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள்.

கைதட்டல் முடிகிற வரை காத்திருந்து, ஏணியின் அம்மா எழுந்து நின்றார்.

"சார், என் பொண்ணு எண்பத்தொன்பது வாங்கினப்போ ஏன் மேடைக்குக் கூப்பிடல?"

தலைவர் மைக்கை இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தார். அது நன்றாகத்தான் வேலை செய்தது. அம்மா உட்காரவில்லை, பதிலுக்காக நின்றுகொண்டே இருந்தார். ஏணி கேடயத்தை மேசையிலேயே வைத்துவிட்டு, இறங்கி வந்து அம்மா பக்கத்தில் நின்றாள்.