வெறும் போசி

சென்ற மாதம் ஒரு காலை கதவைத் திறந்தேன். வெளிக்கைப்பிடியில் ஒரு துணிப்பை தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே எங்கள் எவர்சில்வர் போசி. நான் பின்லாந்துக்குப் புறப்பட்டபோது என் அக்கா கோகிலா தன் வீட்டிலிருந்து எடுத்துக் கொடுத்த பாத்திரம் அது. பக்கவாட்டில் அவள் பெயரும் மல்லசமுத்திரம் என்று ஊர்ப் பெயரும் வெட்டியிருக்கும். முந்தைய நாள் அதில்தான் பக்கத்து வீட்டு அம்மா பிர்க்கோவுக்குச் சூடாக அரிசியும்பருப்புச் சாதம் கொடுத்திருந்தோம். கடையில் வாங்கிய அன்றுகூட அது அப்படிப் பளபளத்திருக்காது. கூடவே ஒரு சின்ன அட்டையில் 'கீட்டோஸ்' என்று நன்றி எழுதியிருந்தார். மற்றபடி காலி. மூடியைத் திறந்து கவிழ்த்துக்கூடப் பார்த்தேன், ஒன்றுமில்லை.

எங்கள் ஊரில் சாப்பாடு வந்த பாத்திரத்தை யாரும் வெறுமையாகத் திருப்பித் தர மாட்டார்கள். ஒரு பிடி நிலக்கடலை, இரண்டு முருங்கைக்காய், எதுவுமே இல்லாத வீடென்றால் அடியில் கொஞ்சம் சர்க்கரை. வெறும் போசி வந்தால் 'இத்தோடு போதும்' என்று அர்த்தம். இரண்டு வீட்டார் அதற்காகவே பேச்சை முறித்துக்கொண்டதைப் பார்த்து வளர்ந்தவன் நான். எனவே என் முகம் சுண்டிப்போனதில் வியப்பில்லை. "ஏனுங்க, கழுவிக் குடுத்தாங்களேன்னு சந்தோசப்படுங்க. உங்களுக்கு எது குடுத்தாலும் பதிலுக்கு ஒண்ணு வந்தாகோணும்" என்று சிரித்தாள் என் மனைவி சுமதி. அவள் பிர்க்கோவை மட்டும் சொல்லவில்லை, என் வெள்ளிக்கிழமைகளையும் சேர்த்துத்தான் குத்தினாள்.

பாறையைத் துளைக்கும் இயந்திரம் செய்யும் கம்பெனியில் எனக்கு வேலை. ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளின் புழுதியில் வளர்ந்தவன் வேறெங்கே போய்ச் சேருவேன்? வெள்ளிக்கிழமை மாலை வேலை முடிந்ததும், அந்த வாரம் இணையத்தில் கண்ணில் பட்ட நல்லது ஒன்றைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவேன். அரசியல், வைத்தியக் குறிப்பு, சாபமிடும் சாமி படம் எதுவும் கிடையாது. ஒரு வாரம் பறவைக்கூடு போட்டேன். இங்கே காட்டில் ஒரு பைன் மரத்து உச்சியில் கேமரா வைத்து இரவும் பகலும் நேரலையாகக் காட்டுகிறார்கள். நம் பக்கம் விரால் அடிப்பான் என்பார்களே, அந்தப் பருந்து. அது முட்டைமேல் உட்கார்ந்திருக்கும், காற்றடிக்கும், அவ்வளவுதான். பாதித் திரையில் அது ஓட, மீதிப் பாதியில் நான் வேலை செய்தேன். இன்னொரு வாரம், தினமும் ஒரு குட்டை நீரை மட்டும் படமெடுத்துப் போடும் முகம் தெரியாத ஒருவர். சாலைக் குழியில் மழைத்தண்ணீர், அதற்குள் வானம். அதைப் பார்த்ததிலிருந்து பேருந்து நிறுத்தத்தில் நானும் தலைகுனிந்தே நிற்கிறேன். இவனுக்கு என்ன கவலையோ என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். பிறகு, உலக உருண்டையைச் சுழற்றி எந்த ஊரில் விரல் வைத்தாலும் அந்த ஊர் வானொலி ஒலிக்கும் தளம். பெரு நாட்டு மலையூர் ஒன்றின் சந்தை விலையையோ சாவு அறிவிப்பையோ, ஒரு சொல் புரியாமல், ஒரு மாலை முழுக்க ஆனந்தமாகக் கேட்டேன்.

இவற்றுக்கெல்லாம் லாரி வைத்திருக்கும் மாமா பையன் கட்டைவிரல் போடுவான். இழவுச் செய்திக்கும் அவன் கட்டைவிரல்தான். நான் காத்திருந்தது அக்காவின் ஒரு சொல்லுக்கு. அவளும் அத்தானும் ஊருக்கு வெளியே முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறார்கள். சின்ன வயதில் எதைப் பார்த்தாலும் நாங்கள் ஒருவரையொருவர் இழுத்துப்போய்க் காட்டுவோம். ஒட்டிப் பிறந்த வாழைப்பழம், ரிக் வண்டி பீய்ச்சிய முதல் தண்ணீர், எதையும் தனியாகப் பார்த்ததில்லை. இப்போது 'சாப்டியா, குளுருதா' என்பதோடு பேச்சு தீர்ந்துவிடுகிறது. நான் பார்ப்பதை அவளும் பார்க்க வேண்டும். என் ஆசை அவ்வளவுதான், அதற்காகத்தான் அத்தனை வெள்ளிக்கிழமைகளும்.

அவளோ சனிக்கிழமை காலையில் எனக்குத் தனியாக, சம்பந்தா சம்பந்தமில்லாமல் எதையாவது அனுப்புவாள். ஓட்டைக் கூடையில் அடை உட்கார்ந்த நாட்டுக்கோழி. பண்ணை வாசலில் கால் நனைத்துப் போக வைத்திருக்கும் மருந்துத் தண்ணீர்த் தொட்டி. தீவன நேரத்தில் கோழிகள் மொத்தமாகக் கத்தும் ஒலிப்பதிவு. கை தவறி வந்தவை என்று விட்டுவிடுவேன். நான் அனுப்பியதைப் பற்றி ஓர் எழுத்து இருக்காது.

பிர்க்கோவின் காலிப் போசி வந்த வாரம் எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டது. வெள்ளிக்கிழமை எதுவும் போடவில்லை. சனிக்கிழமை அக்காவிடமிருந்தும் எதுவும் வரவில்லை. அடுத்த வாரமும் அப்படியே. ஞாயிற்றுக்கிழமை அவளே அழைத்தாள்.

"ஏஞ்சாமி, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான்க்கா இருக்கறேன். ஏன்?"

"ரெண்டு வாரமா உன்னுது ஒண்ணையும் காணமே."

"நீ அதெல்லாம் பாக்கறதில்லைன்னு உட்டுட்டேன். நீயுந்தான் ஒண்ணும் அனுப்புல."

"நல்லா இருக்குதே கதை! உன்ற போசி வந்தாத்தான சாமி நான் அதுல எதாச்சும் போட்டுக் குடுக்க முடியும்?"

எனக்கு விளங்கவில்லை. அவளே தொடர்ந்தாள். "நீ பருந்து அடை உக்காந்ததக் காட்டுன. எங்க பண்ணைக் கோழி முட்டை வெக்கும், அடை உக்காராது. அதுக்குன்னே பக்கத்துத் தோட்டத்துக்குப் போயி நாட்டுக்கோழியப் படம் புடிச்சு அனுப்புனேன். அதையாச்சும் பாத்தியா இல்லியா?"

போனை வைத்துவிட்டுப் பழையவற்றைத் தேடினேன். மருந்துத் தொட்டிப் படத்தைப் பெரிதாக்கினேன். தண்ணீருக்குள் வானம் இருந்தது, ஓரத்தில் ஒரு தென்னை மட்டை, நடுவில் ஒரு மேகம். தொட்டியைப் பார்த்தவன் வானத்தைப் பார்க்கவில்லை. உலகத்து வானொலிகளை நான் அனுப்பியதற்கு அவள் தன் பண்ணை வானொலியை அனுப்பியிருக்கிறாள். வெட்கமாக இருந்தது, அதைவிட மகிழ்ச்சியாக இருந்தது. ஒரு வாரம்கூட அவள் வெறும் போசி அனுப்பவில்லை.

மறுபடி அழைத்து, பிர்க்கோ கதையையும் சொன்னேன். "அவுங்களுக்கு என்ன தெரியும், பாவம். வாயத் தொறந்து சொல்லோணுமில்ல" என்றாள் அக்கா.

அதே போசியில் அரிசிமாவும் வெல்லமும் கலந்த கச்சாயம் சுட்டு எடுத்துக்கொண்டு பிர்க்கோவின் கதவைத் தட்டினேன். அன்று பாத்திரம் காலியாக வந்ததென்று என் அரைகுறை பின்னிஷில் சொன்னேன். அவர் முகம் வெளிறிவிட்டது. "உள்ளே வேறு ஏதாவது இருந்ததா? நான் கழுவி ஊற்றிவிட்டேனா?" என்றார். ஒருவழியாக எங்கள் வழக்கத்தை விளக்கினேன். நிதானமாக யோசித்தார்.

"நான் எதையாவது போட்டுக் கொடுத்தால் நீங்கள் மறுபடி கொடுப்பீர்கள். நானும் மறுபடி கொடுக்க வேண்டும். இது எப்போது முடியும்?"

"முடியாது."

"ஹ்யுவா" என்றார். நல்லது என்று பொருள். இந்த ஊரில் இதைவிடப் பெரிய பாராட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

வியாழக்கிழமை போசி வந்தது. மூடி மூடவில்லை, அவ்வளவு புல்லா அடைத்திருந்தார். புல்லா என்பது இங்கத்து இனிப்பு ரொட்டி. மாவில் ஏலக்காய் இடித்துப் போடுவார்கள். கதவருகிலேயே மணத்தது. இந்த வாரம் கிடைத்தது இணையத்திலிருந்து அல்ல என்று எழுதி, அதையே படமெடுத்து வெள்ளிக்கிழமை போட்டேன். வழக்கம்போல முதலில் கட்டைவிரல் வந்தது.

சனிக்கிழமை அக்காவிடமிருந்து வந்தது ஒரு குரல் பதிவு. பின்னணியில் கோழிகள். "எம்பேரு அங்கயும் நல்லாத்தான் இருக்குது சாமி. போசிய இன்னொருக்காக் கிட்டத்துல காட்டு, பாக்கறேன்."

காட்டலாமென்று சமையலறைக்குப் போனேன். போசி அங்கே இல்லை. சுமதி அதில் எதையோ போட்டு ஏற்கெனவே அனுப்பிவிட்டிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம், பிர்க்கோவின் மேசைமேல், மல்லசமுத்திரம் இருந்தது.