கருப்பன் நிலத்தில் இரண்டு போர்

ஆஸ்திரேலியாவில் பெர்த் என்று ஓர் ஊர். அங்கே யமுனா பேராசிரியை. பூமிக்குள் தண்ணீரும் தாதுவும் எவ்வளவு இருக்கும், அந்தக் கணக்கை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதுதான் அவள் ஆராய்ச்சி. நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனாலும் அந்த ஆராய்ச்சி ஆழ்துளைக் கிணறு போடும் என் போர் வண்டிக்குப் பக்கத்தில்தான் பிறந்தது. எந்தச் சபையிலும் சொல்வேன். கூலிக்குத் துளைபோடும் ராடு தூக்கி, சொந்த வண்டி வாங்கியவன் நான். நகரி, புத்தூர் பக்கம் தணிகாசலம் வண்டியைத் தெரியாதவர் கிடையாது.

யமுனாவின் அப்பா கருப்பன் என்னிடம் ராடு மாட்டும் வேலை செய்தான். சர்க்கார் கொடுத்த மானாவாரித் துண்டு ஒன்று அவனுக்கு இருந்தது. அதில் தண்ணீர் வந்தால் விவசாயி. வராவிட்டால் மெட்ராஸ் கம்பெனியில் வாட்ச்மேன். தொண்ணூற்றாறில் ஊரில் பாதிப்பேர் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தார்கள்.

திருப்பதியில் ஜியாலஜி எம்.எஸ்சி. படித்துக்கொண்டிருந்த யமுனா, லீவில் வந்து, எங்கே துளைபோடலாம் என்று பாயிண்ட் பார்த்தாள். கற்பூரம் ஏற்றி, பாயிண்ட் பார்த்தவர் 'தண்ணி இருக்கு' என்று வாயால் சொன்னால்தான் எங்கள் வண்டியில் ராடு இறங்கும். அவள் சொல்லவில்லை.

"இன்னா கண்ணு, கற்பூரம் அணையுது. சொல்லு."

"இதுமாதிரி பத்து எடத்துல போட்டா ஆறுல வரும் மாமா. நாலுல வராது."

"இத்த சொல்லவா திருப்பதிக்குப் போன? தேங்கா வெச்சிக்கினு தண்ணி பாக்கறவன்கூட கேரண்டி குடுக்கறானே!"

"அவரு சொன்னதுல எத்தினி பொய்ச்சுதுன்னு யாருனா எண்ணுனாங்களா?"

என் ஆட்கள் சிரித்தார்கள். கருப்பன் மட்டும் சிரிக்கவில்லை. "போடுண்ணே, எம்பொண்ணு தெரிஞ்சதத்தான் சொல்லுவா" என்றான்.

கம்ப்ரஸர் உறுமியது. கல்மாவு மேகமாக எழுந்து வேலிமேலும் அவள் தலைமேலும் இறங்கியது. முதலில் வெள்ளை, பிறகு சாம்பல், பிறகு ரோஜா நிறம். மாவை உள்ளங்கையில் ஏந்தி, தூக்கத்தில் நடப்பவள்போல அதற்குள்ளேயே நின்றாள். கடைசிவரை தண்ணீர் இல்லை, புகைதான் வந்தது.

"மெட்ராஸுக்கே போயிடறேன்" என்றான் கருப்பன்.

"நைனா, இந்த மாவைப் பாத்ததுல கொஞ்சம் புரியுது. கல்லுல வெடிப்பு கெழக்கால சாயுது. வேலியோரம் போட்டா பத்துல எட்டு."

"இன்னொரு தபா பாக்க எனக்குத் தெம்பில்லம்மா."

ஆனால் அவன் மெட்ராஸ் போகவில்லை; என்னிடமே ராடு மாட்டிக்கொண்டிருந்தான். யமுனா ஐதராபாத்தில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தாள். அவள் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "தண்ணி வராத போருங்களக் காட்டு மாமா." பேர் கெட்டுவிடும் என்று வேறு வண்டிக்காரன் ஓடியிருப்பான். நான் ஜீப்பில் உட்காரவைத்து எல்லாவற்றையும் காட்டினேன். ஒவ்வொரு வறண்ட குழியோரமும் அவள் கண்ணை மூடி நிற்பாள். கீழே பாறைகள் எப்படிப் படுத்திருக்கின்றன என்று பார்க்கிறாளாம். எனக்குக்கூட அந்த நேரம் காலடி மண் மெல்ல மூச்சு விடுவதுபோல இருக்கும்.

டாக்டர் பட்டம் வந்தது, பெர்த்தில் வேலையும் வந்தது. விமானம் ஏறுவதற்கு முந்தின வாரம் கருப்பன் என் வாசலுக்கு வந்தான். "வேலியோரம் போட்டுடலாம்ணே. அவ இருக்கும்போதே."

இந்த முறை அவனே கற்பூரம் ஏற்றினான். யாரையும் எதுவும் கேட்கவில்லை. ராடு இறங்க இறங்க மாவு கறுத்தது, உருண்டை பிடித்தது. பிறகு செந்நீர் பனையளவு எழும்பி எல்லார்மேலும் கொட்டியது. கருப்பன் அதற்குள்ளே போய் நின்றுகொண்டான்.

யமுனா நனைந்தபடி அவன் பக்கத்தில் போனாள். "நைனா, கோடையிலயும் இது தாங்குமான்னா..."

கருப்பன் சேற்றுக்கையால் அவள் வாயைப் பொத்தினான். "இன்னிக்கி மட்டும் சொல்லாதம்மா."

அவள் சொல்லவில்லை. தண்ணீர் வழி தேடிக்கொண்டு காய்ந்த நிலத்துக்குள் போய்க்கொண்டிருந்தது.