ஒரே அட்டை, நான்கு வயிறு

போன மாதம் இருபத்தெட்டு வாரம் என்று நான் எழுதிய வயிறு, இந்த மாதம் இருபது வாரத்துக்குச் சுருங்கியிருந்தது. டேப்பை எடுத்து மறுபடி அளந்தேன். இருபதேதான்.

துடியலூர்ப் பக்கம் ஒரு சுகாதார நிலையத்தில் நான் நர்ஸ். வந்திருந்தவள் மில் விடுதியில் தங்கியிருக்கும் ஒடிசாக்காரி. முக்காட்டை மூக்குவரை இழுத்துவிட்டிருந்தாள். நீட்டியது போன மாதத்து அதே கர்ப்பிணி அட்டை. அப்போது எடுத்த ரத்தத்தில் சிபிலிஸ் என்ற பால்வினை நோய் தெரியவந்ததால் ஊசிக்கு வரச் சொல்லியிருந்தேன். போடாவிட்டால் வயிற்றிலிருக்கும் பிள்ளை தங்காது.

முக்காட்டை விலக்கினேன். முன்பின் பார்க்காத முகம்.

"போன மாசம் ரத்தம் குடுத்தது நீதானா கண்ணு?"

தலையாட்டினாள். எனக்கு வந்ததே கோபம்! என்னை என்ன இளிச்சவாய் என்று நினைத்தாளா?

அவளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு நேரே விடுதிக்குப் போனேன். நட்டநடு மத்தியானம், நீளமான தகரக் கொட்டகை. சுவரோரம் வரிசையாக முக்காடுகள். அட்டையிலிருந்த பெயரைக் கூப்பிட்டேன். இரண்டு பேர் எழுந்தார்கள். இரண்டு பேருக்கும் வயிறு.

"ஏனுங்க சிஸ்டர், ஆதார் ஒருத்திகிட்டத்தானுங்க இருக்குது" என்றார் வார்டன் அம்மா, சாவகாசமாக. "அதுல எடுத்த ஒரே அட்டையிலதான் எல்லாரும் மாத்தி மாத்தி வந்துபோட்டாங்க. என்ன வியாதிங்க?"

"ரத்தம் கம்மிங்க" என்று புளுகினேன். என் மேலேயே எனக்கு வெறுப்பு. மாதக்கணக்கில் அட்டையைப் பார்த்தேனே தவிர முகத்தைப் பார்க்கவில்லை.

மூவரையும் தனி அறைக்குக் கூட்டிப்போய் விரலில் குத்திச் சோதித்தேன். நோய் இருந்தால் இரண்டு கோடு விழும். மூன்றிலும் ஒற்றைக் கோடு. அப்பாடா என்று மூச்சுவிட்ட பிறகுதான் உறைத்தது. அப்படியானால் அந்த ரத்தம் யாருடையது?

மூவரிடமும் கேட்டேன். ஆட்டோவில் கூட வந்தவள் மெல்லக் கதவு வழியாகக் கைகாட்டினாள். கொட்டகை மூலையில் ஒரு பாய் சுருட்டிக் கிடந்தது.

"அந்தப் பாய்க்காரப் புள்ளையையா கேக்கறீங்க? ஞாயித்துக்கெழமையே வேற மில்லுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்களே. கொடுமுடிப் பக்கம்னாங்க, செரியாத் தெரியலீங்க" என்றார் வெளியே நின்றிருந்த வார்டன்.

அவளுடைய உண்மையான பெயரை அவர்களிடம் வாங்கிக்கொண்டு, கொடுமுடியைச் சுற்றியுள்ள நிலையங்களுக்கெல்லாம் இரண்டு வாரமாகப் போன் போடுகிறேன். அந்தப் பெயரில் யாரும் வரவில்லையாம். எப்படி வருவாள்? இந்நேரம் வேறு யாருடைய அட்டையையோ நீட்டிக்கொண்டிருப்பாள், பாவி மகள்.