ஈரக் கயிறு

மகளைத் திருப்பி அழைத்துவரத்தான் பனமலைக்குப் போனேன். சாரணியர் முகாமின் இரண்டாம் நாள். விடிந்ததிலிருந்தே வானம் மூடிக்கிடந்தது. ஏரிக்குப் பக்கத்து மைதானத்தில் நான்கு கூடாரங்கள். கையில் டிபன் கேரியரோடு திண்டிவனம் பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே தூறல் பிடித்துவிட்டது.

மகள் ஒரு கூடாரத்துக்குத் தலைவி. மறுநாள் முடியும்வரை இருந்தால்தான் பேட்ஜ் கிடைக்கும்.

"வீட்டு சோறு உள்ள வரக்கூடாதும்மா, பாயிண்ட் போயிடும்" என்றாள். கேரியரை வெளியே வைத்து வாளியால் மூடினாள். தூறல் மழையானது. நான்கு தோழிகளும் அவளும் நானும் கூடாரத்துக்குள் ஒடுங்கினோம்.

வாசல் துணி காற்றில் அடித்துக்கொண்டது. யாரும் கேட்காமலே அதன் கயிறுகளை இழுத்து, மூட்டை கட்டுவதுபோல் மூன்று முடிச்சுப் போட்டேன்.

கொஞ்ச நேரத்தில் நடுக்கம்பு முனகியது. கூடாரத்தை முளைகளோடு இழுத்துக் கட்டிய நூல் கயிறு நனைந்தால் சுருங்கும்; வெளியே போய்த் தளர்த்தாவிட்டால் முளைகள் பிடுங்கிக்கொள்ளும் என்றாள் மகள். வாசலுக்குப் போனாள். நனைந்த முடிச்சு கல்லாக இறுகியிருந்தது. நகத்தால் நெம்பினாள், பிறகு கரண்டிக் காம்பால்.

"இன்னாம்மா இது, மாடு கட்டற முடிச்சா?"

"ஆண்ட்டி நம்மள பார்சல் பண்ணிட்டாங்கடி" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஈரத் துணி வாடை, காலையில் தீய்ந்த உப்புமா வாடை. காலை நீட்ட இடமில்லை. ஒரு முளை பிடுங்கிக்கொள்ள, கூரை என் தலைமேல் சரிந்தது. கையால் தாங்கினேன்.

"தொடாதீங்க ஆண்ட்டி! தொட்ட எடத்துல ஒழுகும்."

ஒழுகியது.

மகள் குப்புறப் படுத்து, பக்கத் துணியைத் தூக்கி, சேற்றில் ஊர்ந்து வெளியே போனாள். கல்லால் முளை அடிக்கும் ஓசை கேட்டது. ஒவ்வொரு பக்கமாகத் துணி தளர்ந்தது. கம்பு அடங்கியது.

மழை விட்டதும், முடிச்சை அறுத்துவிடலாமா என்று உள்ளிருந்து கேட்டேன்.

"அய்யோ, கேம்ப் கயிறும்மா. காஞ்சா அவுத்துக்கலாம். நீ இப்படியே வா."

அவள் போன வழியில் நானும் ஊர்ந்தேன். எழுந்து நின்று, கிளம்பு என்று சொல்லப் பார்த்தேன். அவள் பக்கத்துக் கூடாரத்தின் கயிறுகளைத் தளர்த்திக்கொண்டிருந்தாள்.

"பஸ் வந்துடும்மா, ஜல்தி போ" என்றாள், திரும்பாமல்.

கண்டக்டர் என் புடவையின் சேற்றையும் மடியிலிருந்த கேரியரையும் பார்த்தார்.

"எத்தினி பேரும்மா?"

"ஒருத்திதாங்க."