நிற்பதற்கு ஒரு வண்டி

வெர்லின் ரைசிக், ஊர் உணவு விடுதிக்குள் நுழைந்தால் முதலில் வணக்கம் வராது, நேரம்தான் வரும். "செயென். ஒரு மணி முப்பத்தொம்பது நிமிஷம்" என்று அறிவித்துவிட்டுத்தான் தொப்பியைக் கழற்றுவார். செயெனுக்கு எதற்குப் போனார், யாரைப் பார்த்தார் என்பதெல்லாம் யாராவது கேட்டால் பிறகு வரும். பெரும்பாலும் யாரும் கேட்க மாட்டார்கள். மேற்கு நெப்ராஸ்காவின் கார்வின் ஊர் ஆண்களுக்குப் பயணம் என்பது நேரத்தைக் குறைக்கிற காரியம். அதில் வெர்லினை மிஞ்ச அந்த ஊரில் ஆள் கிடையாது.

அவருக்கு வயது அறுபத்தாறு. சர்க்கரை ஆலையின் எடைமேடையில் முப்பத்தொரு வருடம் உட்கார்ந்து, பீட் கிழங்கு ஏற்றி வந்த லாரிகளை எடை போட்டவர். சொந்த மைத்துனன் லாரிக்கும் ஒரு பவுண்டு கூடுதலாக எழுதியதில்லை, அதனால் மைத்துனன் இரண்டு வருடம் பேசவில்லை. அந்தக் கை ஓய்வு பெற்ற பிறகும் சும்மா இருக்கவில்லை. வண்டியின் முன்கண்ணாடிக்கு மேலே, வெயில் மறைப்புத் தட்டில் ஒரு குறிப்பேடு செருகியிருக்கும். பெட்ரோல் நிலையத்தில் குழாய் 'டிக்' என்று நின்றதும் இரண்டு முறை கூடுதலாக அழுத்தி, விளிம்புவரை நிரப்பி, மைல், காலன், டாலர், கிளம்பிய நேரம், சேர்ந்த நேரம் எல்லாவற்றையும் பென்சிலால் எழுதுவார். முழு எண்ணாக்கும் பழக்கமே இல்லை. வழியில் எத்தனை முறை நின்றார் என்பதற்கும் ஒரு கட்டம் உண்டு. அதில் சுழியம் விழுந்தால் அடிக்கோடு போடுவார்.

அவர் மனைவி மார்லிஸ் பார்த்த வேலையோ இதற்கு நேர்மாறு. இருபத்தாறு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். வீட்டுக்கு வீடு நிறுத்தி, கதவைத் திறந்து, "ஸ்வெட்டர் எங்கடா?" என்று கேட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனவள். இந்த இரண்டு பேரும் நாற்பத்தொரு வருடம் ஒரே வண்டியில் போய் வந்திருக்கிறார்கள் என்பதே ஓர் அதிசயம்.

போன அக்டோபரில் மகள் ஷெல்பி வீட்டுக்குப் போனார்கள். மொன்டானாவில் பில்லிங்ஸ், நானூற்று ஐம்பத்திரண்டு மைல். முக்கால்வாசி தூரம் வயோமிங்கின் புல்வெளி. பஃபலோ ஊரைத் தாண்டும்போது மார்லிஸ் சொன்னாள்: "வெர்ல், கொஞ்சம் நிறுத்தேன். கால நீட்டணும்."

"இன்னும் நூத்தறுபத்தஞ்சு மைல்தான். நல்ல நேரத்துல போய்க்கிட்டிருக்கோம்."

"நேரம் என்ன ஓடியா போகுது?"

"ஆமா, அதுதான் ஓடுது" என்று சிரித்துக்கொண்டே மிதித்தார். பில்லிங்ஸ் வரை ஆறு மணி முப்பத்தெட்டு நிமிடம். சுழியத்துக்கு இரண்டு அடிக்கோடு போட்டார்.

மூன்றாம் நாள் காலை மார்லிஸின் இடது கெண்டைக்கால் வீங்கிச் சிவந்திருந்தது. மருத்துவமனையில், இரத்தம் உறைந்து கட்டியிருக்கிறது என்றார்கள். நல்லவேளை, அது நகர்ந்து நுரையீரலுக்குப் போகவில்லை. இனி நீண்ட பயணம் என்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை இறங்கி நடக்கவேண்டும் என்று மருத்துவர் சொன்னார். செவிலிப் பெண் வெர்லினைக் கூப்பிட்டு, கட்டைவிரலால் கணுக்காலுக்கு மேலே அழுத்தி ஐந்துவரை எண்ணச் சொல்லிக் கொடுத்தாள். விரலை எடுத்ததும் சதை பழையபடி எழுந்துவிட்டால் சரி. குழி அப்படியே நின்றால் உடனே கொண்டு வரவேண்டும். அன்று அந்தக் கால் அவர் கட்டைவிரல் அளவுக்குக் குழி விழுந்து, அப்படியே நின்றது. அந்தக் குழியை அவர் மறக்கவே இல்லை.

அதற்குப் பிறகு ஏழு மாதம் வெர்லின் விடுதியில் எந்த நேரத்தையும் அறிவிக்கவில்லை. மார்லிஸை உட்காரவைத்து மாவட்ட எல்லையைத் தாண்டவும் இல்லை. அவளோ, "ஷெல்பியப் பாக்காம நான் இருக்கப் போறதில்ல. நீ வரலேன்னா பஸ்ஸுல போறேன்" என்று சொல்லிவிட்டாள். பஸ்ஸில் கால் நீட்ட இடமேது?  'நான் நிறுத்தி நிறுத்திப் போகிறேன், வா' என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். ஆனால் அந்த வாக்கியத்தைச் சொன்னால் போன அக்டோபரையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.  போதாததற்குத் தன் வலது காலின் மேலேயே அவருக்கு நம்பிக்கை இல்லை. பெட்ரோல் வண்டியில் உட்கார்ந்தால் அது தானாக மிதிக்கும்.

மே மாதம் அந்த வண்டியைக் கொடுத்துவிட்டு, மேலே இருபத்தொன்பதாயிரம் டாலரும் கொடுத்து, ஒரு கை மாறிய மின்சார பிக்கப் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார். விடுதியின் வட்ட மேசையில் காபி குடித்துக்கொண்டிருந்தவர்கள் ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள். டயர் கடை வைத்திருந்த டெல்மர் ஹூக், வெர்லினோடு ஒன்றாம் வகுப்பு படித்தவர், அதற்கான உரிமையோடு கேட்டார்: "டேய், உனக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சா? இத வச்சிக்கிட்டு வயோமிங்ல எங்கடா போவ?"

"பில்லிங்ஸ் போறேன். பெட்ரோலுக்கு எவ்வளவு, கரண்டுக்கு எவ்வளவுன்னு கணக்குப் பாக்கத்தான். கரண்டுதான் மலிவு, பந்தயம்."

"தோத்தா?"

"மேசைக்கே சினமன் ரோல் என் செலவு."

வீட்டில் சார்ஜ் ஏற்றினால் மலிவு, வழியில் ஏற்றினால் பெட்ரோல் செலவைத் தொட்டுவிடும் என்பது அந்த மேசைக்குத் தெரியும். வெர்லினுக்கும் தெரியும். இருந்தும் கை குலுக்கினார்.

ஜூனில் கிளம்பினார்கள். எதிர்காற்று வேறு. முதல் இரண்டு மணி நேரத்தில் டக்ளஸ். சார்ஜ் நிலையத்தில் பக்கத்துக் காரின் இளம்பெண் அவர் திரையை எட்டிப் பார்த்தாள். "சார், எண்பது பர்சன்ட்ல எடுத்துடுங்க. அதுக்கு மேல நத்தை மாதிரிதான் ஏறும். இங்க நிமிஷத்துக்குக் காசு."

"நான் எப்பவும் நிரப்பிட்டுத்தாம்மா எடுப்பேன்."

"அது பெட்ரோலுக்கு சார்!" என்று அவள் சிரித்தாள். வெர்லினின் கண் திரையில் நிற்கவில்லை. வாகன நிறுத்தத்தின் கடைசியில் மார்லிஸ் ஒரு நாய்க்காரம்மாவோடு பேசிக்கொண்டே வேலியோரம் நடந்துகொண்டிருந்தாள். ஐந்தாவது சுற்று. எண்பத்தொன்று, எண்பத்திரண்டு என்று சார்ஜ் ஏற, அவள் ஆறாவது சுற்றைத் தொடங்கினாள். இவ்வளவு மெதுவாக ஏறுகிற ஓர் எண்ணைப் பார்த்து வாழ்நாளில் முதல்முறையாக அவருக்கு எரிச்சல் வரவில்லை.

டக்ளஸிலிருந்து காஸ்பர் ஐம்பது மைல்தான். பாதி வழியில் மார்லிஸ், "கால் என்னவோ மரத்துப்போன மாதிரி இருக்கு" என்றாள். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி மான் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். வெர்லின் சாலைப் பலகையில் காஸ்பருக்கு எத்தனை மைல் என்று தேடினார்.

"காத்து ஜாஸ்தி. சார்ஜ் குடிக்குது. காஸ்பர்ல நிறுத்தணும்."

"இப்பத்தானே நிரப்பின?"

"குடிக்குதுன்னு சொல்றேன்ல."

காஸ்பரில் வண்டிக்குச் சார்ஜ் சொருகிவிட்டு, டயரைப் பார்க்கிற சாக்கில் அவள் பக்கம் போய்க் குந்தினார். அவள் கதவைத் திறந்து கால்களைத் தொங்கவிட்டிருந்தாள். கட்டைவிரலை வைத்து அழுத்தினார். ஒன்று, இரண்டு, மூன்று. "டயர் அந்தப் பக்கம் இருக்கு வெர்ல்" என்றாள் மார்லிஸ். ஐந்துவரை எண்ணி எடுத்தார். சதை எழுந்துவிட்டது. "ஷூ நாடாவ இறுக்கமாக் கட்டியிருக்க, அதான் மரத்திருக்கு" என்று அதட்டினார். அதட்டலில் அத்தனை சந்தோஷம்.

பஃபலோவிலும் நின்றார். இந்த முறை அவள் கேட்கவே இல்லை.  அவர்தான் முதலில் இறங்கி, வண்டியைச் சுற்றி வந்து அவள் பக்கத்துக் கதவைத் திறந்தார். பிறகு ஹார்டின். பில்லிங்ஸ் போய்ச் சேர பதினோரு மணி ஐம்பது நிமிடம். நான்கு நிறுத்தம்.

ஷெல்பி வீட்டில் மூன்றாம் நாள் காலை வெர்லின் விடியுமுன்பே எழுந்துவிட்டார். போர்வைக்கு வெளியே கிடந்த மார்லிஸின் காலை அழுத்திப் பார்த்தார். எழுந்தது. மறுபடி அழுத்தினார். எழுந்தது. "தூங்க விடுறியா?" என்றாள் மார்லிஸ், கண்ணைத் திறக்காமலே. நெஞ்சில் எட்டு மாதமாக உட்கார்ந்திருந்த பாரம் அப்போதுதான் இறங்கியது. சமையலறைக்குப் போய் நான்கு முட்டையைத் தானே பொரித்துத் தின்றார்.

ஊர் திரும்பிய செவ்வாய்க்கிழமை வட்ட மேசை நிரம்பியிருந்தது. வெர்லின் குறிப்பேட்டை விரித்தார். ஒப்பிடவேண்டுமானால் போன அக்டோபர் பக்கத்தைத் திறந்தாக வேண்டும். அந்த இரட்டை அடிக்கோட்டின் மேல் இடது கையை வைத்து மறைத்துக்கொண்டு படித்தார்.

"பெட்ரோல், போற வழி மட்டும், எண்பத்தேழு டாலர் நாப்பத்தொரு சென்ட். கரண்டு, வீட்டுல ஏத்தினதும் சேர்த்து, நூத்திப் பதினெட்டு டாலர் அறுபத்தஞ்சு."

மேசை ஆர்ப்பரித்தது. டெல்மர் எழுந்து நின்று தொப்பியைச் சுழற்றினார். "முப்பத்தொரு டாலர் அதிகம் கொடுத்து, அஞ்சு மணி நேரம் லேட்டாப் போயிருக்கான்! டக்ளஸ்ல நின்ன, சரி. காஸ்பர்ல எதுக்குடா நின்ன? ஐம்பது மைலுக்குள்ள உனக்கே சார்ஜ் தீந்துபோச்சா?"

"எதிர்காத்து."

"நூறுவரைக்கும் ஏத்தினியாமே. எண்பதுல எடுக்கணும்னு என் பேத்திக்குத் தெரியும்."

"பழக்கம்" என்றார் வெர்லின்.

எண்பதில் எடுத்திருந்தால், காஸ்பரைத் தாண்டியிருந்தால், ஹார்டினில் நிற்காமல் நேராக மகள் வீட்டிலேயே ஏற்றியிருந்தால் கரண்டுதான் ஜெயித்திருக்கும். அதைச் சொல்ல அரை நிமிடம் போதும். ஒரு பவுண்டுக்கு மைத்துனனைப் பகைத்துக்கொண்ட மனிதர் வாயைத் திறக்கவில்லை. சிரிக்கிறவர்களை எல்லாம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். தோற்றவன் இவ்வளவு மகிழ்ச்சியாக இருந்து அந்த மேசை பார்த்ததில்லை. "ஏழு ரோல் கொண்டாம்மா டோரீன், வெண்ணெய் தாராளமா" என்று குரல் கொடுத்தார்.

பரிமாறுகிற டோரீன், "தோத்ததுக்கு இவ்வளவு குஷியா பெரியவரே? அப்ப அடிக்கடி தோத்துப் போங்க" என்றாள்.

அப்போதுதான் மார்லிஸ் தபால் நிலையத்திலிருந்து நடந்து வந்து அவர் பக்கத்து நாற்காலியில் அமர்ந்தாள். டெல்மர் விடவில்லை. "நீயே சொல்லு மார்லிஸ். வண்டி நிரம்புறவரைக்கும் நின்னானா இல்லையா?"

"நின்னான்" என்றாள் மார்லிஸ். "போற வழியெல்லாம் நின்னான். எனக்கு ஒரே தொல்லை. டக்ளஸ்ல ஒரு அம்மாவப் பாத்தேன், அவ நாய்க்கு மூணு கால்தான். கேளு, அந்தக் கதைய..." என்று தொடங்கிவிட்டாள். மேசை அவள் பக்கம் திரும்பியது.

வெர்லினின் பென்சில் மேசை விளிம்புவரை உருண்டு கீழே விழுந்தது. அது தானாக உருண்டது என்று மார்லிஸைத் தவிர எல்லாரும் நம்பினார்கள். அவர் குனிந்து மேசைக்கு அடியில் போனார்.

மார்லிஸ் கதையை நிறுத்தவில்லை. யார் முகத்திலிருந்தும் கண்ணை எடுக்கவும் இல்லை. இடது காலை மட்டும் அவர் பக்கமாக நீட்டி, கால்சட்டையின் விளிம்பை விரலால் பிடித்து, கணுக்கால் தெரியும்படி தூக்கிக் கொடுத்தாள்.